தோற்கும் நாளுக்காக எழுதிய வரிகள்: கெர்னல் யூனிட் டெஸ்ட்டில் கம்பைலர் எச்சரிக்கைகளைத் திருத்துவது எப்படி?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் மூலநிரலில் நேரக் கணக்கைச் சோதிக்கும் சிறிய கோப்பு ஒன்று இருக்கிறது. 1970-ஆம் ஆண்டிலிருந்து எண்ணப்படும் நொடிகளை ஆண்டு, மாதம், நாள் என்று மாற்றித் தரும் ஃபங்ஷன் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. அதற்காக அது 80,000 ஆண்டுகள் பின்னோக்கியும் 80,000 ஆண்டுகள் முன்னோக்கியும், இடையில் ஒரு நாளைக்கூட விடாமல், கணக்குப் போட்டுப் பார்க்கிறது. மொத்தம் ஏறத்தாழ 5 கோடியே 84 லட்சம் நாள்கள். ஒவ்வொரு நாளுக்கும் நான்கு ஒப்பீடுகள் உண்டு. ஒப்பீடு தவறினால் திரையில் காட்டுவதற்கென்று ஒரு செய்தியும் அவற்றோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. கணக்கு சரியாக இருக்கும் வரையில், இத்தனை கோடி முறை ஒப்பிட்டாலும் அந்தச் செய்தி ஒருமுறைகூட அச்சாவதில்லை. அந்தச் செய்தியை எழுதிய விதத்தில் பிழை இருந்தது 2024-இல் தெரியவந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது, மூலநிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்குத் தொகுக்கும் கம்பைலரின் ஓர் எச்சரிக்கை.

கெர்னல் டெஸ்ட் நிரலில் வரும் எச்சரிக்கைகளை ஏன் பொருட்படுத்த வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். டெஸ்ட்தானே, பயனரின் கணினியில் இது ஓடப்போவதில்லையே என்ற எண்ணம் இயல்பாகவே வரும். ஆனால் ஒரு டெஸ்ட்டின் முக்கியமான பாதி, அது தோற்கும்போது மட்டுமே ஓடுகிற பாதி. அந்தப் பாதியை ஓட்டிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. பல இடங்களில் ஒருவருமே இல்லை. கம்பைலர் மட்டும் ஒவ்வொரு முறையும் அதை வரி விடாமல் படித்துக்கொண்டிருக்கிறது.

அடிப்படைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே யூனிட் டெஸ்ட், அதாவது நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிக்கும் டெஸ்ட், எழுதுவதற்கான கட்டமைப்பின் பெயர் கேயூனிட். கூகுளில் பணியாற்றிய பிரெண்டன் ஹிக்கின்ஸ் உருவாக்கிய இது, 2020 ஜனவரியில் வெளிவந்த 5.5 பதிப்பில் கெர்னலோடு சேர்ந்தது. கேயூனிட் டெஸ்ட் என்பது சி மொழியில் எழுதிய சாதாரண ஃபங்ஷன். அதற்குள் 'இந்த மதிப்பும் அந்த மதிப்பும் சமமாக இருக்க வேண்டும்' என்பது போன்ற எதிர்பார்ப்புகளை மேக்ரோக்களாக, அதாவது தொகுக்கும்போது முழு நிரல்வரிகளாக விரியும் சுருக்கங்களாக, எழுதுவோம். எக்ஸ்பெக்ட் வகை மேக்ரோ தவறினால், தோல்வியைப் பதிவு செய்துகொண்டு டெஸ்ட் தொடர்ந்து ஓடும். அசெர்ட் வகை தவறினால் அந்த டெஸ்ட் அங்கேயே நின்றுவிடும். இவற்றை ஓட்டத் தனிக் கணினி தேவையில்லை. கெர்னலை ஒரு சாதாரண நிரல் போலவே இயக்கும் யூசர் மோட் லினக்ஸ் என்ற வசதியின் மேல், கேயூனிட்டுடன் வரும் பைத்தான் கருவி எல்லாவற்றையும் தொகுத்துக் கட்டி, ஓட்டி, முடிவைப் பச்சையிலும் சிவப்பிலும் காட்டிவிடும்.

எச்சரிக்கை என்பது பிழைச்செய்தியிலிருந்து வேறுபட்டது. இலக்கணம் உடைந்த நிரலைக் கம்பைலர் ஏற்க மறுத்தால் அது பிழை. இலக்கணம் சரியாக இருந்து, பொருள் மட்டும் சந்தேகத்துக்கு இடமானதாகத் தோன்றினால், கம்பைலர் நிரலை ஏற்றுக்கொண்டு ஒரு வரி முணுமுணுக்கிறது, அதுதான் எச்சரிக்கை. கெர்னலைக் கட்டும்போது பல எச்சரிக்கைகள் இயல்பாகவே இயங்கும். இன்னும் சில, கட்டும் வேலையைச் செய்யும் மேக் கட்டளையுடன் 'டபிள்யூ=1' என்று சேர்த்தால்தான் வெளிவரும். 2021-இல் 5.15 பதிப்பு உருவானபோது, எச்சரிக்கைகளை எல்லாம் பிழைகளாகவே கருதும் 'வெர்ரர்' என்ற தெரிவை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கொண்டுவந்தார். அன்றிலிருந்து, அந்தத் தெரிவு இயங்கும் இடங்களில் ஒரு டெஸ்ட் கோப்பின் முணுமுணுப்பே முழு கெர்னலின் கட்டுமானத்தையும் நிறுத்திவிடும்.

எச்சரிக்கையைப் படிக்கும் முறையை ஒருமுறை பழகிக்கொண்டால் போதும். கோப்பின் பெயர், வரி எண், அந்த வரியில் எத்தனையாவது எழுத்து ஆகிய மூன்றும் முதலில் வரும். பிறகு குறை என்ன என்ற வாக்கியம். கடைசியில் சதுர அடைப்புக்குறிக்குள் எச்சரிக்கையின் பெயர். கேயூனிட்டில் தொடக்கநிலையாளர்களை மிரட்டுவது இதற்கு அடுத்து வருவது. எதிர்பார்ப்பு மேக்ரோ ஒவ்வொன்றும் இன்னொரு மேக்ரோவாகவும், அது மற்றொன்றாகவும் விரிவதால், 'இந்த மேக்ரோவின் விரிவில்' என்று தொடங்கும் குறிப்புகள் நாலைந்து வரிசையாக வந்து நிற்கும். அவற்றில் பெரும்பாலானவை மேக்ரோக்களும் அறிவிப்புகளும் அடங்கிய கேயூனிட்டின் சொந்தத் தலைப்புக் கோப்பைச் சுட்டுபவை. அங்கே போய்த் திருத்த எதுவும் இல்லை. நீங்கள் எழுதிய கோப்பின் பெயர் எந்தக் குறிப்பில் வருகிறதோ அதுதான் உங்களுக்கு உரிய வரி.

இப்போது அந்த நேரக் கணக்குக் கோப்புக்குத் திரும்புவோம். சி மொழியில் செய்தி அச்சிடும்போது, மதிப்பு வர வேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் அதன்பின் வகையைச் சொல்லும் எழுத்துகளும் இடுகிறோம். '%டி' என்றால் சாதாரண முழு எண். '%எல்டி' என்றால் லாங் வகை. '%எல்எல்டி' என்றால் லாங் லாங் வகை. '%எஸ்' என்றால் எழுத்துச் சரம் தொடங்கும் முகவரி. செய்தியில் இருக்கும் குறியும் பின்னால் அனுப்பும் மதிப்பின் வகையும் பொருந்த வேண்டும் என்பது எழுதுபவரின் பொறுப்பு. மொழி தானாக அதைச் சரிபார்க்காது. ஆனால், 'இது அச்சிடும் ஃபங்ஷன், இந்த இடத்தில் குறிகள், அந்த இடத்திலிருந்து மதிப்புகள்' என்று ஃபங்ஷனின் அறிவிப்பில் ஒரு முத்திரையை வைத்துவிட்டால், ஜிசிசி, கிளாங் ஆகிய இரு கம்பைலர்களும் ஒவ்வொரு அழைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து எச்சரிக்கும். கேயூனிட்டின் பதிவு மேக்ரோக்களில் அந்த முத்திரை முன்பே இருந்தது. தோல்விச் செய்தியை ஏற்கும் எக்ஸ்பெக்ட், அசெர்ட் மேக்ரோக்களுக்குப் பின்னால் இருந்து இயங்கும் ஃபங்ஷனில் மட்டும் அது விடுபட்டிருந்தது. 2024 தொடக்கத்தில் அதைச் சேர்த்துப் பார்த்த உடனே, கெர்னலின் பல மூலைகளிலிருந்தும் எச்சரிக்கைகள் கிளம்பின. நேரக் கணக்கு, கடிகாரச் சில்லு, நினைவக நகல், கட்டளை வரி, வலைப்பின்னல், வரைகலை என்று ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத டெஸ்ட்டுகளில் ஒரே வகைப் பிழை ஒளிந்திருந்தது. அவற்றை எல்லாம் திருத்திய பிறகே முத்திரையைச் சேர்க்க முடிந்தது.

நேரக் கணக்கு டெஸ்ட்டில் 'நாள்கள்' என்ற மாறி 64 பிட் முழு எண். கெர்னலில் அது எல்லாக் கணினிகளிலும் லாங் லாங் வகை. செய்தியிலோ '%எல்டி' என்று எழுதியிருந்தது. 64 பிட் கணினியில் லாங், லாங் லாங் இரண்டுமே 8 பைட் என்பதால் அச்சாகும் எண் சரியாகவே இருக்கும். 32 பிட் கணினியில் லாங் என்பது 4 பைட். 8 பைட் எண்ணில் பாதியை மட்டும் எடுத்து அச்சிடும். எந்தப் பாதி என்பது அந்தக் கணினி பைட்டுகளை அடுக்கும் வரிசையைப் பொறுத்தது. சிறிய முனை முதலில் வரும் கணினியில் கீழ்ப்பாதி கிடைக்கும். எண் சிறியதென்றால் சரியானது போலவே தெரியும். பெரிய முனை முதலில் வரும் கணினியில் மேல்பாதி கிடைத்து, பூஜ்யம் என்று அச்சாகும். ஏதோ ஒரு பழைய வன்பொருளில் டெஸ்ட் தோற்று, காரணம் தேடி ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும்போது, அவர் கையில் இருக்கும் ஒரே தடயம் பூஜ்யம் என்று பொய் சொன்னால் எப்படி இருக்கும்? திருத்தம் ஒரே ஓர் எழுத்து: '%எல்டி' என்பதை '%எல்எல்டி' ஆக்குவது.

அதே சமயத்தில் வெளிவந்த இன்னொன்று எனக்கு இதைவிடப் பிடித்தது, ஏனென்றால் அது கேயூனிட் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் டெஸ்ட்டில் இருந்தது. எந்த டெஸ்ட்டுகளை ஓட்டுவது என்று சொல்லும் வடிகட்டிச் சரம் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பிரிக்க முடியாவிட்டால் அந்தச் சரத்தைச் செய்தியில் காட்ட வேண்டும் என்பது நோக்கம். செய்தியில் '%எஸ்' இருந்தது. மதிப்பாக அனுப்பியது சரத்தை அல்ல. சரத்துக்குள் இருந்த ஏதோ ஓர் எழுத்தை. சிறிய எஸ் எழுத்தின் எண் மதிப்பு 115 என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சிடும் ஃபங்ஷன் 115 என்ற முகவரியில் ஒரு சரம் இருப்பதாக நம்பி அங்கே படிக்கப் போகும். பயனர் நிரலாக இருந்தால் அது அந்த இடத்திலேயே விழுந்துவிடும். கெர்னலின் அச்சிடும் ஃபங்ஷன் கொஞ்சம் உஷாரானது. நினைவகத்தின் முதல் பக்கத்துக்குள் வரும் முகவரி செல்லாதது என்று கண்டு, சரத்துக்குப் பதிலாக 'ஈஃபால்ட்' என்ற சொல்லை அடைப்புக்குறிக்குள் அச்சிடும். எப்படியானாலும், தோல்விக்குக் காரணமான சரம் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டியவருக்கு அது தெரியாமலே போகும்.

இத்தகைய எச்சரிக்கையைத் திருத்தும்போது வரும் முதல் சபலம், மதிப்புக்கு முன்னால் இன்ட், அதாவது சாதாரண முழு எண், என்று வகை மாற்றுக் குறி ஒன்றைப் போட்டுவிடுவது. எச்சரிக்கை ஓடிவிடும். ஆனால் 64 பிட் எண்ணை நாமே வெட்டி 32 பிட் ஆக்கியிருப்போம். கம்பைலர் சந்தேகப்பட்ட தவறை நம் கையொப்பத்தோடு உறுதி செய்ததாக ஆகும். மாற்ற வேண்டியது குறியை. அளவுகளைக் குறிக்கும் சைஸ்-டி வகைக்கு '%இஸட்யூ', நினைவக முகவரியைத் தாங்கும் ஒரு பாயின்டரிலிருந்து இன்னொன்றைக் கழித்துக் கிடைக்கும் வகைக்கு '%டிடி' (%td) என்று கெர்னலில் ஒவ்வொன்றுக்கும் உரிய குறி உண்டு. நினைவக நகல் டெஸ்ட்டும் கட்டளை வரி டெஸ்ட்டும் முறையே இந்த இரண்டு குறிகளால்தான் திருத்தப்பட்டன.

அடுத்த வகை, 'மதிப்பு இடப்பட்ட மாறி பயன்படுத்தப்படவில்லை' என்பது. இது டபிள்யூ=1 போட்டால் வரும். டெஸ்ட்டுக்குள் ரெட் என்று ஒரு மாறி இருக்கிறது. ஒரு ஃபங்ஷனை அழைத்து, அது திருப்பித் தரும் எண்ணை ரெட்டில் வாங்குகிறோம். அதன்பின் ரெட்டை எங்கேயும் தொடுவதில்லை. நான் முதன்முதலில் இப்படி ஓர் எச்சரிக்கையைத் திருத்தியபோது, மாறியின் அறிவிப்பையும் சமக்குறியையும் நீக்கிவிட்டு, ஃபங்ஷன் அழைப்பை மட்டும் விட்டுவைத்தேன். எச்சரிக்கை போயிற்று, டெஸ்ட் பச்சை காட்டியது, எனக்கும் திருப்தி. அதைப் பார்த்த மூத்த நண்பர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்த மதிப்பை எழுதினவர் எதுக்கு வாங்கி வைத்தார்?" சரிபார்ப்பதற்காகத்தான் வாங்கியிருக்கிறார், சரிபார்க்கும் வரியை எழுத மறந்துவிட்டார். எச்சரிக்கை சுட்டிக்காட்டியது மிகையான ஒரு மாறியை என்று நான் நினைத்தேன். உண்மையில் அது சுட்டிக்காட்டியது விடுபட்டுப்போன ஓர் எதிர்பார்ப்பை. ரெட் பூஜ்யத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று ஓர் எக்ஸ்பெக்ட் வரியைச் சேர்த்ததும் அந்த டெஸ்ட் தோற்றது. நான் நீக்கியிருந்த அந்த மாறிக்குப் பின்னால் ஓர் உண்மையான கோளாறு அத்தனை நாளும் பத்திரமாக இருந்திருக்கிறது.

இதன் நெருங்கிய உறவினர், 'தொடக்க மதிப்பு இல்லாமலே பயன்படக்கூடும்' என்ற எச்சரிக்கை. ஜிசிசி இதில் அடிக்கடி தவறாகச் சந்தேகிப்பதால் 2020-இல் இது கெர்னலின் வழக்கமான கட்டுமானத்திலிருந்து நீக்கப்பட்டது. கிளாங்கில் இதற்கு இணையான எச்சரிக்கைகள் இன்றும் இயங்குகின்றன. மாறியை அறிவிக்கும்போதே பூஜ்யம் என்று போட்டுவிட்டால் எச்சரிக்கை அடங்கிவிடும். டெஸ்ட் நிரலில் இது அபாயகரமான பழக்கம் என்பது என் கருத்து. கெர்னலில் பூஜ்யம் என்றால் வெற்றி. ஒரு நிபந்தனை பொய்யாகி, சோதிக்க வேண்டிய ஃபங்ஷன் அழைக்கப்படாமலே போனாலும், ரெட்டில் பூஜ்யம் இருக்கும், எதிர்பார்ப்பும் பூஜ்யம், டெஸ்ட் வென்றுவிடும். தொடக்க மதிப்பு வேண்டியே தீரும் என்றால், வெற்றி என்று யாரும் தவறாக எண்ண முடியாத ஒரு பிழை எண்ணைப் போடுவது நல்லது. அதைவிட நல்லது, மாறிக்கு மதிப்பே கிடைக்காத அந்தப் பாதை டெஸ்ட்டில் ஏன் இருக்கிறது என்று பார்ப்பது.

இனி, டெஸ்ட் நிரலுக்கே உரிய எச்சரிக்கை ஒன்றைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்: 'ஃபங்ஷன் ஸ்டாக்கில் பிடிக்கும் இடம் மிகப் பெரியது' என்பது. ஒரு ஃபங்ஷனின் உள் மாறிகள் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் இடம் பிடிக்கின்றன. பயனர் நிரல்களுக்கு ஸ்டாக் பல மெகாபைட் கிடைக்கும். 64 பிட் எக்ஸ்86 கெர்னலில் ஒவ்வொரு பணிக்கும் கிடைப்பது மொத்தம் 16 கிலோபைட். ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன் என்று அழைப்புகள் எவ்வளவு ஆழமாகப் போனாலும் அதற்குள்தான் அடங்க வேண்டும். ஆகவே 64 பிட் கெர்னலில் ஒரே ஃபங்ஷன் 2,048 பைட்டுக்கு மேல் எடுத்தால் கம்பைலர் எச்சரிக்குமாறு வழக்கமாக அமைத்திருக்கிறார்கள். 32 பிட்டில் பெரும்பாலும் 1,024.

டெஸ்ட் ஃபங்ஷன் பொதுவாக நீளமானது, ஆனால் அதில் பெரிய மாறிகள் இருப்பதில்லை. பிறகு எங்கிருந்து வருகிறது இவ்வளவு ஸ்டாக்? 'இரண்டும் இரண்டும் கூட்டினால் ஐந்து' என்று ஓர் எதிர்பார்ப்பு எழுதுகிறோம் என்று கொள்வோம். அது தோற்கும்போது, இடப்பக்கம் எழுதியிருந்தது என்ன, வலப்பக்கம் எழுதியிருந்தது என்ன, ஒப்பீட்டுக் குறி எது, கிடைத்த மதிப்புகள் எவை, கோப்பு எது, வரி எது என்று அத்தனையும் காட்ட வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு கட்டமைப்பு மாறிக்குள் நிரப்பி, அதன் முகவரியைத் தோல்வியைக் கையாளும் ஃபங்ஷனுக்கு அனுப்புவதுதான் மேக்ரோவின் விரிவு. 64 பிட் கணினியில் அந்தக் கட்டமைப்பு 88 பைட் பிடித்தது. ஒரே ஃபங்ஷனில் 24 எதிர்பார்ப்புகள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் தனி இடம் ஒதுக்கப்பட்டால், 24 பெருக்கல் 88, அதாவது 2,112 பைட், எல்லை தாண்டிவிட்டது. எழுதியவர் ஒரு மாறிகூட அறிவித்திருக்க வேண்டியதில்லை.

ஒரு நேரத்தில் ஓர் எதிர்பார்ப்புதான் நடக்கிறது என்பதால், கம்பைலர் விரும்பினால் எல்லாக் கட்டமைப்புகளுக்கும் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். பல நேரங்களில் அப்படித்தான் செய்யும். ஆனால் ஜிசிசிக்கென்று அப்போது இருந்த ஸ்ட்ரக்ட்லீக் என்ற செருகுநிரல் இயங்கினால் கதை மாறியது. ஸ்டாக்கில் பழைய தரவு எதுவும் கசியாமலிருக்க, முகவரியாக அனுப்பப்படும் கட்டமைப்புகளை அது ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே பூஜ்யமாக்கியது. அதனால் ஒவ்வொன்றும் ஃபங்ஷன் முழுவதும் உயிரோடு இருப்பதாகிவிட, இடத்தைப் பகிர முடியாமல் போனது. பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு, டெஸ்ட்டில் ஸ்டாக்கை ஊதிவிட்டது. 2021-இல் எச்சரிக்கைகள் பிழைகளாக மாறத் தொடங்கியபோது இது பெரிதாக வெடித்தது. முதல் கட்டத் திருத்தமாக, தண்டர்போல்ட், பிட்ஃபீல்டு உள்ளிட்ட சில டெஸ்ட் கோப்புகளுக்கு மட்டும், கட்டும் விதிகள் அடங்கிய மேக்ஃபைலில் அந்தச் செருகுநிரலை நிறுத்தினார்கள். டெஸ்ட் நிரலில் ரகசியம் கசிய ஒன்றுமில்லை என்பதால் அது நியாயமான விலக்கு.

நிலையான தீர்வு 2022-இல் கேயூனிட்டுக்குள்ளேயே வந்தது. கட்டமைப்பில் இருப்பவற்றில் எவை ஓடும்போது மாறுபவை என்று கேட்டுப் பார்த்தால், மதிப்புகள் இரண்டு மட்டும்தான் மாறுகின்றன. கோப்பின் பெயர், வரி எண், எழுதியிருந்த கோவைகள், ஒப்பீட்டுக் குறி ஆகிய எல்லாம் தொகுக்கும்போதே தெரிந்தவை. தெரிந்தவற்றை எல்லாம் மாறாத நிலைத் தரவாகத் தனியே வைத்து, ஸ்டாக்கில் அதற்கு ஒரு பாயின்டர் மட்டும் வைக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தவர் டோர்வால்ட்ஸ். அதைப் படிப்படியாகச் செய்ததில் 88 பைட் முதலில் 64 ஆகவும், பிறகு 48 ஆகவும் குறைந்தது. டெஸ்ட் எழுதியவர்கள் யாரும் தங்கள் வரிகளில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. எச்சரிக்கை ஒரே மாதிரியாகப் பல கோப்புகளில் வந்தால், திருத்த வேண்டிய இடம் அந்தக் கோப்புகளுக்கு வெளியே இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இன்று உங்கள் டெஸ்ட்டில் இந்த எச்சரிக்கை வந்தால், பெரும்பாலும் நீங்களே ஒரு பெரிய கட்டமைப்பையோ அணியையோ ஸ்டாக்கில் வைத்திருப்பீர்கள். அதை கேயூனிட்டின் நினைவக ஒதுக்கீட்டு ஃபங்ஷன் மூலம் வாங்கிக்கொள்ளுங்கள். டெஸ்ட் முடிந்ததும் அது தானாகவே விடுவிக்கப்படும்; தோற்றுப் பாதியில் நின்றாலும் விடுவிக்கப்படும். வாங்கியவுடன் பாயின்டர் வெறுமையாக இல்லை என்று அசெர்ட் வகையில் சரிபார்க்க வேண்டும். எக்ஸ்பெக்ட் போட்டால், நினைவகம் கிடைக்காத நேரத்தில் டெஸ்ட் தோல்வியைப் பதிவு செய்துகொண்டு, அடுத்த வரியில் வெறும் முகவரியில் எழுதப் போய்விடும். எல்லை எண்ணைக் கூட்டி எச்சரிக்கையை அடக்குவது மட்டும் வேண்டாம்.

'முன் அறிவிப்பு இல்லாத ஃபங்ஷன்' என்ற எச்சரிக்கை எளிது. 6.8 பதிப்பிலிருந்து இது எல்லாக் கட்டுமானங்களிலும் இயங்குகிறது. டெஸ்ட் ஃபங்ஷனை அந்தக் கோப்புக்கு வெளியே யாரும் அழைப்பதில்லை என்பதால், முன்னால் ஸ்டேடிக், அதாவது இந்தக் கோப்புக்குள் மட்டும் தெரிவது, என்று சேர்த்தால் முடிந்தது. சிக்கல் வருவது எதிர்த்திசையில்: சோதிக்க வேண்டிய ஃபங்ஷன் வேறு கோப்பில் ஸ்டேடிக்காக இருக்கும்போது. அதற்காகவே, கேயூனிட் இயங்கும்போது மட்டும் ஸ்டேடிக்கை விலக்கும் 'விசிபிள் இஃப் கேயூனிட்' என்ற மேக்ரோ இருக்கிறது. அதைப் பயன்படுத்துபவர்கள், தலைப்புக் கோப்பில் அதே நிபந்தனைக்குள் அறிவிப்பையும் சேர்க்க மறந்தால், ஒரு எச்சரிக்கையைத் தீர்க்கப் போய் இன்னொன்றை வாங்கி வருவார்கள்.

எல்லா எச்சரிக்கைகளையும் நிரலைத் திருத்தித்தான் தீர்க்க வேண்டும் என்பதும் இல்லை. கேசன் என்ற நினைவகப் பிழை கண்டுபிடிப்பானைச் சோதிக்கும் டெஸ்ட்டுகள், வேண்டுமென்றே ஒதுக்கிய எல்லையைத் தாண்டிப் படிக்கின்றன, விடுவித்த நினைவகத்தைத் தொடுகின்றன. தவறு செய்வதுதான் அங்கே வேலை. கம்பைலருக்கு அது தெரியாததால், எல்லை தாண்டுவதாக எச்சரிக்கும். அதைவிட மோசமாக, பயனற்றது என்று முடிவு செய்து அந்த வரியையே தூக்கிவிடவும் கூடும். இதற்கு, 'ஆப்டிமைசர் ஹைட் வார்' என்ற மேக்ரோ வழியாகப் பாயின்டரைக் கம்பைலரின் பார்வையிலிருந்து மறைக்கிறார்கள். அந்தப் பாயின்டர் எங்கிருந்து வந்தது என்பதைக் கம்பைலர் மறந்துவிடுகிறது. எண் வழிதலை, அதாவது எண் தன் வகையின் எல்லையை மீறுவதை, சோதிக்கும் கோப்புக்கு, கிளாங் 'இந்த ஒப்பீடு எப்போதும் ஒரே விடை தரும்' என்று சொல்லும் எச்சரிக்கையை, மேக்ஃபைலில் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். எப்போதும் ஒரே விடை வருவதைச் சோதிப்பதே அங்கே நோக்கம் என்பதால் இது சரியான முடிவு. இப்படி நிறுத்தும்போது எல்லையைக் குறுகலாக வைக்க வேண்டும்: ஒரு கோப்பு, ஒரு எச்சரிக்கை, ஏன் என்று சொல்லும் ஒரு வரி. அடைவு முழுவதற்கும் நிறுத்தினால், நாளை அங்கே வரும் உண்மையான பிழைக்கும் வாயடைத்தது போலாகும்.

வேலையில் இறங்குபவர்களுக்கு, யாரும் முதலில் சொல்லாத ஒரு செய்தி. மேக் கருவி மாறாத கோப்பை மறுபடி தொகுப்பதில்லை. முதல் முறை கட்டும்போது எச்சரிக்கை வரும். எதையும் மாற்றாமல் இரண்டாம் முறை கட்டினால் வராது. அதனால் எச்சரிக்கை போய்விட்டது என்று நம்பிவிடாமல், அந்த டெஸ்ட்டைத் தொகுத்துக் கிடைத்த ஆப்ஜெக்ட் கோப்பை நீக்கிவிட்டு, டபிள்யூ=1 சேர்த்து அதை மட்டும் கட்டிப் பார்க்க வேண்டும். ஒருமுறை ஜிசிசியில், ஒருமுறை கிளாங்கில். முடிந்தால் ஒருமுறை 32 பிட் அமைப்பில். மேலே பார்த்த '%எல்எல்டி' போன்றவற்றை ஓர் அமைப்புக்குத் திருத்தி இன்னொன்றில் உடைப்பது மிக எளிது. திருத்தத்தை அனுப்பும்போது, கம்பைலர் சொன்ன வரியை அப்படியே விளக்கத்தில் சேர்த்து, எந்தக் கம்பைலர், எந்த அமைப்பு என்று எழுதி, பிழையை நுழைத்த பழைய மாற்றத்தின் அடையாள எண்ணில் முதல் 12 எழுத்துகளை 'ஃபிக்ஸஸ்' என்ற குறிப்பில் தருவது வழக்கம். 'எச்சரிக்கையைத் திருத்தினேன்' என்று மட்டும் எழுதினால், திருத்தியது எச்சரிக்கையையா பிழையையா என்று பராமரிப்பாளர் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

தோல்விச் செய்தியில் கைவைத்திருந்தால் இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது. எதிர்பார்க்கும் மதிப்பை வேண்டுமென்றே ஒன்று கூட்டி எழுதி, டெஸ்ட்டை ஓட்டுங்கள். சிவப்பில் தோல்வி வரும். அதற்குக் கீழே, எழுதிய நாள் முதல் ஒருமுறையும் அச்சாகாத அந்தச் செய்தி வரும். ஆண்டு, மாதம், நாள், மொத்த நாள்கள் எல்லாம் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். பிறகு கூட்டிய ஒன்றைக் கழித்துவிட்டு, திருத்தத்தை அனுப்பலாம்.